ஐந்து மணிக்குள் ஆறு எண்கள்

“அனுப்பிட்டுச் செத்தாரா, அனுப்பாமச் செத்தாரா? முதல்ல அதைச் சொல்லுங்க.”

“அதை எப்படிக் கேக்கிறது? அந்தக்கா போனை எடுத்து, ‘அவர் காலையில போயிட்டாருங்க’ன்னு அழுவுறாங்க. சரிக்கா, என் பைல் என்னாச்சுன்னா கேக்க முடியும்?”

“கேட்டிருக்கணும்.”

“நாக்கு எழும்பலை.”

“வேலைக்காரங்ககிட்ட மட்டும் முழ நீளத்துக்கு எழும்பும்.”

கண்ணாடிக்கடைக்காரர் வெட்டு மேசையில் சிதறிக் கிடந்த கண்ணாடித் தூளை ஓர் அட்டையால் தள்ளிக் குவித்தார். அவர் மனைவி பில் புத்தகங்களை அடுக்கிக்கொண்டே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி ஒன்று. மாலை ஐந்து மணியோடு வரித்துறையின் வாசல் மூடிக்கொள்ளும். அது வெறும் இணையதளம்தான்; ஆனால் இரும்புக் கதவைப்போலச் சாத்திக்கொள்ளும் என்பது தெருவுக்கே தெரியும்.

செத்துப்போனவர் அவர்களுடைய வரிக் கணக்கர். தெருவில் அவருக்கு ‘கடைசித் தேதி’ என்று பெயர். எவர் கணக்கையும் கடைசி நாளுக்கு முன்னால் அனுப்பமாட்டார் என்று எல்லோரும் சிரிப்பார்கள். கடைக்காரர்கள் பில்களைக் கொண்டுவந்து கொட்டுவதே கடைசி நாளுக்கு முந்தின சாயங்காலம்தான். அப்படியிருந்தும் பெயர் அவருக்கே நிலைத்துவிட்டது. கண்ணாடிக்கடைக்காரரும் ஒன்றரை மாதம் ‘நாளைக்கு, நாளைக்கு’ என்று இழுத்தடித்துவிட்டு, நேற்றுச் சாயங்காலம்தான் ஒரு பிளாஸ்டிக் பை நிறைய பில்களை அவர் மேசையில் வைத்துவிட்டு வந்திருந்தார்.

இந்த வருடம் ஏற்கெனவே இரண்டு தடவை தேதி தவறியாயிற்று. மூன்றாவது தடவையும் தவறினால் கடையின் வரிப் பதிவு ரத்து. பதிவு இல்லாத கடைக்கு, புதிதாகக் கட்டுகிற ஆஸ்பத்திரிக்காரர்கள் இருநூற்று நாற்பது ஜன்னல்களைத் தரமாட்டார்கள். நாளைக் காலை பத்து மணிக்குக் கையெழுத்து. கணக்கு தாக்கலான ரசீதோடு வரச் சொல்லியிருந்தார்கள். அந்த ஜன்னல்களை நம்பித்தான் அவர் பாதிக் கடையை அடைத்துக்கொண்டு நிற்கிற புது வெட்டு மேசையை வாங்கிப் போட்டிருந்தார்.

“நாமளே உள்ள போய் அனுப்பிட முடியாதா?” என்றார்.

“ஓடிபி அவர் போனுக்குல்ல போகும்?”

அதுவும் கணக்கர் செய்த வேலையில்லை. சொந்த போன் நம்பரைக் கொடுங்கள், நான் கேட்கும்போது அந்த ஆறு எண்களைச் சொன்னால் போதும் என்று வருடா வருடம் ஒரு தாளை நீட்டிக்கொண்டுதான் இருந்தார். கடைக்காரர்கள் ஒருவரும் கையெழுத்துப் போடவில்லை. ‘வியாபார நேரத்துல நம்பர் சொல்லு நம்பர் சொல்லுன்னு உயிரை வாங்காதீங்க சார், உங்க நம்பரையே போட்டுக்குங்க’ என்று முதலில் சொன்னவர் கண்ணாடிக்கடைக்காரர். மற்றவர்கள் அதையே பிடித்துக்கொண்டார்கள். அப்படித்தான் நாற்பது ஐம்பது கடைகளின் உயிர் ஒரே ஒரு போனுக்குள் போய் உட்கார்ந்தது.

“பெரிய மலர் வளையமா வாங்கிக்குங்க. போனதும் கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கிட்டு நில்லுங்க. அப்புறமாக் கேளுங்க,” என்றாள் மனைவி.

“எவ்வளவு நேரம் நிக்கணும்?”

“மூணு நிமிஷம். நாலுன்னா ரொம்ப மரியாதை.”

கணக்கரின் வீட்டில் முன்னறைதான் அலுவலகம். அங்கிருந்து உள்ளே போனால் படுக்கையறை. வாசலில் வாடகை நாற்காலிகள் போட்டிருந்தார்கள். பெரும்பாலும் காலி. முதல் நாற்காலியில் கைக்குட்டையும் கையுமாக டயர்கடைக்காரர் உட்கார்ந்திருந்தார்.

“வாய்யா கண்ணாடி,” என்றார் தணிந்த குரலில். “வளையத்தைப் பார்த்தா உன்னோடது போகலைன்னு தெரியுது.”

“போச்சா இல்லையான்னே தெரியலைண்ணே. உங்களுது?”

“போயிருந்தா நான் ஏன் இங்க ரெண்டு மணி நேரமா அழுதுக்கிட்டிருக்கேன்? கண்ணுல இனி சொட்டுத் தண்ணி இல்ல. மூணு மணிக்கு வண்டி வந்துடும், தூக்கிடுவாங்க. அப்புறம் இந்த வீட்ல போய் போன் எங்க, லேப்டாப் எங்கன்னா செருப்பால அடிப்பாங்க.”

கணக்கரின் மனைவி வாசலுக்கு வந்தார். அழுது முடித்து, அழுகைக்கு அந்தப் பக்கம் போய்விட்ட முகம். கண்ணாடிக்கடைக்காரர் கையைக் கட்டிக்கொண்டார். மனதுக்குள் ஒரு நிமிடத்தை எண்ணத் தொடங்கினார்.

“வாங்க தம்பி. ராத்திரி பூரா உங்க பையைத்தான் பார்த்துக்கிட்டிருந்தார்.”

“முடிச்சிட்டாராக்கா?”

மூன்று நிமிடமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. அந்த அம்மா அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. தன் புருஷனின் வேலையைப் பற்றி ஒரு மனிதராவது அக்கறையாகக் கேட்கிறார் என்றே நினைத்தார் போலிருக்கிறது.

“முடிச்சிட்டுத்தான் படுப்பேன்னார் தம்பி. நெஞ்சு ஒரு மாதிரி இருக்கு, கொஞ்சம் வெந்நீர் குடுன்னார். வெச்சு எடுத்துக்கிட்டு வர்றதுக்குள்ள தலை மேசை மேல கிடக்குது. தூங்குறாருன்னு நினைச்சு, ஆறிடப் போகுதேன்னு தண்ணியை மூடி வெச்சேன்.”

அவர் இடுப்பில் செருகியிருந்த கணக்கரின் போன் உறுமியது. எடுத்துப் பார்த்துவிட்டு கண்ணாடிக்கடைக்காரரிடம் நீட்டினார்.

“காலையிலேருந்து இதே பாடு. நாப்பத்தோரு பேர். எப்படிச் செத்தாருன்னு ஒருத்தர் கேக்கலை. என்னோடது போச்சா, என்னோடது போச்சா. இதை எங்கயாவது கொண்டுபோய் வாயை அடைச்சு வைங்க தம்பி. நீங்கதான் அவர்கிட்ட ஒருநாளும் சத்தம் போடாத ஆளாம். சொல்லிக்கிட்டே இருப்பார்.”

“நான் பார்த்துக்கிறேன்க்கா. நீங்க போய் அவர் பக்கத்துல உக்காருங்க,” என்றார் கண்ணாடிக்கடைக்காரர். இவ்வளவு சுலபமாகக் கைக்கு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. டயர்கடைக்காரர் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

முன்னறையில் எல்லாம் அப்படியே இருந்தது. மேசை விளக்குகூட எரிந்துகொண்டிருந்தது. பகல் வெளிச்சத்தில் அது எரிவதை ஒருவரும் கவனிக்கவில்லை. பிளாஸ்டிக் பையிலிருந்த பில்கள் தேதிவாரியாக அடுக்கப்பட்டு, கிளிப் போடப்பட்டு, எண்ணெய்க் கறை பட்டவை மட்டும் தனியாக ஒரு தாளுக்கு நடுவே வைக்கப்பட்டிருந்தன. ஒரு துண்டுச் சீட்டில் பென்சிலால், ‘ஏழாம் தேதி பில் இல்லை. இப்போது எழுப்ப வேண்டாம், காலையில் கேட்கலாம்’ என்று எழுதியிருந்தது.

கண்ணாடிக்கடைக்காரர் அந்தச் சீட்டை இரண்டு தடவை படித்தார். “ஏழாம் தேதி கடை லீவு,” என்று தனக்குள் சொல்லிக்கொண்டு சீட்டைக் கவிழ்த்து வைத்தார்.

சுட்டியை அசைத்ததும் லேப்டாப் விழித்தது. அவர் கடையின் படிவம் முழுதாக நிரம்பியிருந்தது. கடைசியில் ‘குறிப்பு’ என்ற கட்டத்தில் மட்டும் ‘ம’ என்ற ஒரே எழுத்து, வரி வரியாக, பக்கம் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது.

“என்னய்யா இது?”

“தலை விழுந்த இடம்ண்ணே.”

ஒரு மனிதர் இறங்கிப்போன வழி அந்தக் கட்டத்துக்குள் அப்படியே பதிந்து கிடந்தது. பனியில் நடந்து போனவரின் காலடிபோல, ஒரே மாதிரி, ஒரே அளவில்.

“இதோட அனுப்பினா ஏத்துக்குவானா?” என்றார் டயர்கடைக்காரர்.

“மாட்டான்.”

கண்ணாடிக்கடைக்காரர் அழிக்கும் பொத்தானில் விரலை வைத்து அழுத்தினார். எழுத்துகள் பின்னோக்கி ஓடின. நான்கு பக்கம் என்பதால் நேரம் பிடித்தது. விரல் வலித்தபோது கையை மாற்றிக்கொண்டார். கட்டம் வெறுமையானதும் ‘சமர்ப்பி’ என்பதைத் தட்டினார். பதிவு செய்த எண்ணுக்கு ஆறு இலக்கக் குறியீடு அனுப்பப்பட்டுள்ளதாக லேப்டாப் சொல்ல, அதே நொடியில் சட்டைப்பையில் இருந்த போன் ஒரு தடவை துடித்தது. அவருக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல இருந்தது.

போன் திரையில், ‘புதிய செய்தி ஒன்று’ என்று மட்டும் இருந்தது. படிக்க வேண்டுமானால் பூட்டைத் திறக்க வேண்டும்.

“லாக் நம்பர் யாருக்குத் தெரியும்?” என்றார் டயர்கடைக்காரர். “போய்க் கேளு. நீதானே சத்தம் போடாத ஆளு.”

படுக்கையறை வாசல்வரை போய்க் கூப்பிட்டதும் அந்த அம்மா எழுந்து வந்தார்.

“லாக் நம்பரா? என்கிட்ட சொன்னதில்லையே தம்பி. நாலு நம்பர்னா கல்யாணத் தேதியா இருக்கும். அதை மட்டும் மறக்கவே மாட்டார்.”

கல்யாணத் தேதியைப் போட்டார்கள். திறக்கவில்லை. அந்த அம்மா தன் பிறந்த தேதியைச் சொன்னார், கொஞ்சம் மெதுவாக. அதுவும் இல்லை. மகளுடையது, அதுவும் இல்லை. ஒவ்வொரு தடவை போன் உதறும்போதும் அவர் முகத்திலிருந்து ஏதோ ஒன்று இறங்கிக்கொண்டே போனது.

“அப்போ யாரோட தேதியைத்தான் வெச்சிருக்காரு?” என்றார்.

“எங்களோட தேதியைத்தான்க்கா,” என்றார் டயர்கடைக்காரர். “இன்னைக்குத் தேதியைப் போடுய்யா. கடைசித் தேதியாச்சே.”

கண்ணாடிக்கடைக்காரர் அதையும் போட்டார். போன் உதறியது. இன்னும் இரண்டு தடவை தவறினால் ஒருநாள் முழுக்கப் பூட்டிக்கொள்வேன் என்று மிரட்டியது. அவர் சட்டென்று விரலை எடுத்துக்கொண்டார். அந்த அம்மா யாரையும் பார்க்காமல் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டார். தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது, பாத்திரம் எதுவும் கழுவுகிற மாதிரி இல்லை.

மணி இரண்டே முக்கால். கண்ணாடிக்கடைக்காரரின் மனைவி கடையிலிருந்து அவர் போனில் கூப்பிட்டாள். நடந்ததையெல்லாம் அவர் ஒரே மூச்சில் சொன்னார்.

“திரையில நம்பர் கட்டம் மட்டும்தான் இருக்கா? வேற ஏதாவது இருக்கா, பாருங்க.”

“கீழ சின்னதா ஒரு விரல்ரேகைப் படம்.”

அந்தப் பக்கம் கடையில் யாரோ கண்ணாடி அறுக்கிற ‘கிர்’ என்ற ஒலி வந்தது.

“அவர் எங்க இருக்கார் இப்போ?”

“செத்துட்டாருன்னு சொன்னேனே.”

“அதான், எங்க இருக்கார்? வீட்லதானே?”

“ஆமா. உள்ள கட்டில்ல.”

“அப்போ விரலும் வீட்லதானே இருக்கும்,” என்றாள்.

அவர் போனை அணைத்துவிட்டுத் திரும்பினார். டயர்கடைக்காரர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டிருந்தார். அவர் முகம் மலர்ந்தேவிட்டது.

“உன் பொண்டாட்டி இருக்க வேண்டிய இடம் கடையில்ல, மந்திரிசபை. போ, காலைத் தொட்டுக் கும்பிடற மாதிரி குனி, அப்படியே கையைப் புடிச்சு வெச்சு எடுத்துடு. யார் கண்டது? உனக்கு ஆனதும் போனைப் பூட்டாம எனக்குக் குடு. என்னோடதும் ஓடிபியிலதான் நிக்குது.”

“நீங்க போங்களேன்ண்ணே.”

“எனக்குச் சவம்னா ஆகாதுய்யா. ரெண்டு நாள் சோறு இறங்காது.”

வாசலில் வண்டி வந்து நின்றது. பின்கதவைத் திறக்கிற ஓசை கேட்டது. நான்கு பேர் இறங்கி, வாடகை நாற்காலிகளை ஓரமாகத் தள்ளி வழி செய்தார்கள். இருநூற்று நாற்பது ஜன்னல்களும் ஒரு வரிசையாகக் கண்ணாடிக்கடைக்காரரின் கண்முன் வந்து நின்றன, எல்லாம் வெறும் சட்டங்களாக. அவர் போனின் திரையைச் சட்டை முனையால் துடைத்தார். லேப்டாப்புக்குப் போய்க் குறியீட்டை மறுபடி ஒரு தடவை வரவழைத்தார். பத்து நிமிடம்தான் அதற்கு ஆயுள். பிறகு படுக்கையறைக்குள் போனார்.

கணக்கர் மார்புவரை வெள்ளைத் துணி போர்த்திக் கிடந்தார். ஒரு பக்கக் கன்னத்தில் விசைப்பலகையின் சதுரங்கள் இன்னும் மறையவில்லை. இடது கை துணிக்குள் இருந்தது. வலது கையை மகள் இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். கல்லூரியில் படிக்கிற பெண். விடிந்ததிலிருந்து அந்தக் கையை அவள் விடவில்லை என்பது அவள் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது.

கண்ணாடிக்கடைக்காரர் காலருகே குனிந்து நின்றார். குனிந்த வாக்கில் அந்தக் கட்டை விரலைத் தேடினார். அவள் விரல்களுக்கு அடியில் நகத்தின் ஓரம் மட்டும் தெரிந்தது.

“அங்கிள்,” என்றாள் அவள். “தொட்டுப் பாருங்க. எல்லாரும் ஜில்லுன்னு இருக்கும்னாங்க. அப்பா கை சூடாத்தான் இருக்கு.”

அது அவளுடைய சூடு என்று அவருக்குத் தெரியும். சூடாக இருந்தால் போன் இன்னும் சீக்கிரம் ஏற்றுக்கொள்ளும் என்பதும் உடனே தோன்றியது. பின்னால் கதவோரம் டயர்கடைக்காரர் தொண்டையைச் செருமினார். கூடத்தில் நான்கு பேரின் காலடி நெருங்கியது. சமையலறையில் குழாய்ச் சத்தம் நின்று, அந்த அம்மா வந்து வாசலில் நின்றார். அவர் பார்வை கண்ணாடிக்கடைக்காரரின் கையிலிருந்த போனில் விழுந்து, அங்கேயே நின்றது.

கண்ணாடிக்கடைக்காரர் அந்தப் பெண்ணின் பக்கத்தில் மண்டியிட்டு, போனைத் திரை மேலே இருக்கும்படி கட்டிலின் ஓரத்தில் வைத்தார். தன்னால் முடிந்தவரை மெல்லிய குரலில், பெற்ற மகளிடம் பேசுவதுபோலக் கேட்டார்.

“அம்மாடி, அப்பாவோட கட்டை விரலை ஒரே ஒரு தடவை இதுல வெச்சு எடுத்துக்கிறேன். ஒரு நிமிஷம் அந்தக் கையை விடேன்டா கண்ணு.”