மூன்றாவது பேட்டரி

அத்தான் தண்ணீர்த்தொட்டி செய்கிற கம்பெனியின் முதலாளி. மொட்டைமாடிக்குப் போகவே லிஃப்ட் தேடுகிறவர், ஐம்பது வயது முடிந்ததும் பனிமலை ஏறக் கிளம்பிவிட்டார். விற்பனையாளர்கள் கூட்டத்தில் 'சிகரத்தில் தன்னந்தனியாகத் தலைவர்' என்று படம் காட்ட வேண்டுமாம். தன்னந்தனியாக ஏறுவதற்குத் துணையாக ஒரு வழிகாட்டி, நான்கு சுமைகாரர்கள், ஒரு சமையல்காரர். படமெடுக்க, மனைவியின் தம்பியான மச்சான்.

மச்சானுக்குப் பிழைப்பு கல்யாணங்களில் ட்ரோன் பறக்கவிடுவது. மேலிருந்து எடுத்தும் மாப்பிள்ளையின் வழுக்கை தெரியாமல் பார்த்துக்கொள்வதில் கைதேர்ந்தவன். கிளம்புகிற அன்று அக்கா அவனைத் தனியாகக் கூப்பிட்டு, படம் வந்தால் வரட்டும், வராவிட்டால் தொலையட்டும், மனுஷனை முழுசாகக் கொண்டுவந்து சேர்த்துவிடு என்று சொல்லியிருந்தாள்.

ஆறாம் நாள் காலை 'சிகரத்தை' அடைந்தார்கள். அது சிகரத்துக்கு வெகு கீழே இருந்த ஒரு மேடு. கேமராவைக் கொஞ்சம் கீழே சாய்த்து எடுத்தால் அதற்கு மேல் மலையே இல்லாத மாதிரி இருக்கும் என்று யோசனை சொன்னதே வழிகாட்டிதான். இதற்கு முன் பல தலைவர்களை அவர் அங்கேதான் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறாராம்.

அந்த உயரத்தில் காற்று மெலிது. விசிறிகள் பேயாகச் சுற்றினால்தான் ட்ரோன் மிதக்கும். குளிரில் பேட்டரி வேறு மளமளவென்று இறங்கும். கீழே இருபத்தைந்து நிமிடம் தாங்குவது இங்கே எட்டு நிமிடம். மூன்று பேட்டரிகளையும் பனியனுக்குள் வைத்து, அடைகாக்கிற கோழி மாதிரி ஏறி வந்திருந்தான் மச்சான்.

முதல் பேட்டரி அத்தான் தலைமுடியைச் சரிசெய்துகொள்வதற்கே போயிற்று. இரண்டாவதில் கம்பெனிக் கொடி காற்றில் திரும்பி அவர் முகத்தை இறுக்கச் சுற்றிக்கொண்டது. எட்டு நிமிடமும் கொடி மட்டும் மூச்சு விட்டது.

"மூணாவதைப் போடு," என்றார் அத்தான்.

கீழே பள்ளத்தாக்கிலிருந்து மேகம் ஏறுவதை வழிகாட்டி சைகையால் காட்டினார். இறங்குகிற நேரம் தாண்டிவிட்டது.

"அது குளிர்ல செத்துப்போச்சு அத்தான்," என்று கூசாமல் பொய் சொன்னான் மச்சான்.

பொம்மை வைத்து விளையாடுகிற பயலை நம்பி வந்த தன்னைச் செருப்பால் அடிக்க வேண்டும் என்றார் அத்தான். மற்றவர்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது, தானே படமெடுத்துக்கொள்வதாகப் போனைத் தூக்கிக்கொண்டு பாறைக்கு அந்தப் பக்கம் விறுவிறுவென்று போனார். ஐந்தே நிமிடத்தில் மேகம் மூடிவிட்டது. கூப்பிட்டால் பதில் இல்லை.

மச்சானுக்கு அக்காவின் முகம்தான் கண்முன் நின்றது. வழிகாட்டி கயிற்றோடு ஒரு பக்கமாக இறங்க, இவன் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு, பனியனுக்குள்ளிருந்து மூன்றாவது பேட்டரியை எடுத்து மாட்டினான். திரையில் வெறும் பால்வெள்ளை. நாற்பது சதவீதம் இருக்கும்போது மேகம் கொஞ்சம் கிழிந்தது. ஒரு சரிவின் விளிம்பில் சிவப்புச் சட்டை தெரிந்தது.

அத்தான் நாலு காலில் இருந்தார். முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. தலைக்கு மேல் ட்ரோன் வந்து நின்றதும் அண்ணாந்து பார்த்தார். அப்புறம் மெல்ல மண்டிபோட்டு, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி அதைக் கும்பிட்டார். கண்ணிலிருந்து நீர் தாரைதாரையாக வழிந்தது.

வழிகாட்டி தேடிப்போனது எதிர்த்திசை. மச்சான் வாக்கிடாக்கியில் அவரைத் திருப்பினான். ஆளைக் கண்ணால் பார்த்துவிட்டேன் என்று அவர் சொல்கிறவரை ட்ரோனை நகர்த்தவில்லை. திரும்பி வர அதில் உயிர் இல்லாததால் அத்தானின் பக்கத்திலேயே இறக்கினான். வழிகாட்டி போய்ச் சேர்ந்தபோது அத்தான் அதைப் பிள்ளை மாதிரி மார்போடு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம்.

அழித்துவிடச் சொல்வார் என்றுதான் மச்சான் நினைத்தான். அத்தான் ஆள் வேறு. விற்பனையாளர்கள் கூட்டத்தில் அதையே பெரிய திரையில் ஓடவிட்டு, ஒலிபெருக்கியில் விளக்கம் சொன்னார். நாலு காலில் இருந்தது பாறையின் உறுதியைச் சோதித்ததாம். கும்பிட்டது மலைக்கு நன்றி சொன்னதாம். கண்ணீர், கம்பெனிக் குடும்பத்தை நினைத்ததால் வந்ததாம். இருநூறு பேரும் எழுந்து நின்று கை தட்டினார்கள்.

முன்வரிசையில் அக்கா மட்டும் எழவில்லை. பக்கத்தில் இருந்த தம்பியிடம் குனிந்தாள்.

"யாரைடா கும்பிட்டாரு?"

"என்னைத்தாங்க்கா."

அக்கா திரையை முகவாயால் காட்டினாள்.

"அந்த இடத்தை மட்டும் வெட்டி என் போனுக்கு அனுப்பு," என்றாள். "வீட்ல தேவைப்படும்."