பஞ்சும் கறுப்புத் துணியும்

ஷிஃபா விமானப் பொறியாளர். இறக்கையின் மேல் காற்று எப்படி ஓடும் என்று கணக்கிடும் மென்பொருளில் பெங்களூரில் ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்தாள். பிறகு ராஜபாளையத்து வீட்டு மாடியில் உட்கார்ந்து, சொந்தமாக ஒன்றை மூன்று ஆண்டுகளில் எழுதி முடித்தாள். வாங்கத்தான் ஆளில்லை.

கடைசியில், நோயாளிகளை ஏற்றிச் செல்லும் சிறு விமானம் கட்டும் நிறுவனம் ஒன்று கேட்டது. விமானத்துக்கு உள்ளே காற்று எப்படிச் சுற்றும் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். ஆனால் ஒரு நிபந்தனை. உண்மையான ஓர் இடத்தின் காற்றைக் கணக்கிட்டு, அங்கேயே சோதித்தும் பார்த்து, இரண்டையும் வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். ஒத்துப்போனால்தான் ஒப்பந்தம்.

ஷிஃபா ஊரிலுள்ள நூற்பாலையைத் தேர்ந்தெடுத்தாள். அங்கும் விமானத்தைப் போலவே மேலிருந்து காற்று இறங்கி, தரையோரம் வெளியேறும். மேலாளர் லிங்கேஸ்வரன் மகிழ்ச்சியாகச் சம்மதித்தார். கூடத்தில் பறக்கும் பஞ்சுத் தூசுக்கு ஒரு வழி பிறக்கட்டும் என்பது அவர் எண்ணம்.

இயந்திர வரிசைகளுக்கு இடையிலான சந்துகளில் மூன்றாவதில்தான் தூசு மிகக் குறைவு என்றது அவளுடைய கணக்கு. புதன்கிழமை காலை, பிஸ்மில்லா சொல்லி அந்தச் சந்தில் போய் நின்றாள். அரை மணி நேரத்தில் அவளுடைய கறுப்புப் பர்தா வெள்ளையாகிவிட்டது.

அங்கே வேலை செய்யும் யோகேஸ்வரி வாய்விட்டுச் சிரித்தாள். "என்ன மேடம், பஞ்சு மூட்டைக்குள்ள விழுந்து எந்திரிச்சு வாரீகளா?"

"இங்க தூசு வராதுன்னு கம்ப்யூட்டர் சொல்லுச்சுக்கா."

"அத இங்க வந்து ஒரு ஷிப்ட் நிக்கச் சொல்லுங்க!"

சிரித்தவள்தான் யோசனையும் சொன்னாள். கறுப்புத் துணியில் பஞ்சு இம்புட்டுத் தெளிவாகத் தெரியுமென்றால், எல்லாரும் தலையில் அதையே கட்டிக்கொண்டால் என்ன? மறுநாள் அவளே மம்சாபுரத்துத் தையல்காரரிடம் பன்னிரண்டு துண்டுகள் வெட்டி வாங்கி வந்தாள். யாரும் அவளை வாங்கி வரச் சொல்லவில்லை. கூடத்தின் பன்னிரண்டு பெண்களும் கேலி பேசிக்கொண்டே கட்டிக்கொண்டார்கள்.

ஷிப்ட் முடிந்ததும் ஷிஃபா ஒவ்வொரு துணியின் பஞ்சையும் தட்டி எடுத்து எடை போட்டாள். மூன்றாவது சந்தில்தான் மிக அதிகம். அவள் முகம் வாடிவிட்டது.

"அந்த ஒரு சந்த விட்டுட்டு மத்தத அனுப்புங்க மேடம். யாரு வந்து பாக்கப் போறா?" என்றார் லிங்கேஸ்வரன். அவளுக்கு நல்லது நினைத்துத்தான் சொன்னார்.

"அல்லா பாப்பான் சார்" என்று சொல்லிவிட்டாள் ஷிஃபா. ஆனால் தவறு எங்கே என்று அவளுக்குத் தெரியவில்லை.

யோகேஸ்வரி மடிக்கணினியை எட்டிப் பார்த்தாள். திரையில் இயந்திரங்கள் அழகாக நின்றன. அவற்றுக்கு இடையே நீலக்கோடுகளாகக் காற்று ஓடியது.

"இது நம்ம கூடமா? இதுல நான் எங்க நிக்கேன்?"

ஷிஃபா திரையில் அவள் நிற்கும் இடத்தைத் தேடினாள். படத்தில் ஒரு மனிதர்கூட இல்லை. அந்தக் குறுகலான மூன்றாவது சந்தில் ஆள் நின்றால் காற்று தடைபடும், தூசு அங்கேயே சுற்றும். ஒவ்வொரு திருகாணியையும் வரைந்தவள் பன்னிரண்டு பெண்களை மறந்திருந்தாள்.

"ஏட்டி, அம்புட்டுப் பேரையும் விட்டுட்டியே!" என்றாள் யோகேஸ்வரி. 'மேடம்' போய், உரிமையோடு அழைக்கும் 'ஏட்டி' வந்துவிட்டதை இருவருமே கவனிக்கவில்லை.

யார் எங்கே நிற்பார்கள் என்று யோகேஸ்வரி விரல் வைத்துக் காட்டக் காட்ட, ஷிஃபா ஒவ்வொருவராகச் சேர்த்தாள். வெள்ளிக்கிழமை விடிந்தபோது புதிய கணக்கு வந்துவிட்டது. துணிகள் காட்டியதும் அதுவும் ஏறக்குறைய ஒன்றே. சரியானதை மட்டும் அனுப்பியிருக்கலாம். அவளோ தவறியதையும் சேர்த்து, "முதல் கணக்கில் மனிதர்களைச் சேர்க்க மறந்துவிட்டேன்" என்று எழுதி அனுப்பினாள்.

திங்கட்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரில் பேருந்துக்கு நிற்கும்போது தொலைபேசி வந்தது. "எங்க ஆட்களும் காலி விமானத்தைத்தான் இதுவரை கணக்குப் போட்டிருக்காங்க. இனி நீங்களே போடுங்க. ஒப்பந்தம் உங்களுக்குத்தான்" என்றார் நிறுவனத்துக்காரர்.

பன்னிரண்டு பேருக்கும் பால்கோவா வாங்கிக்கொண்டு நேரே ஆலைக்குப் போனாள். அங்கே லிங்கேஸ்வரன் ஏணியில் ஆளை ஏற்றி, புதிய கணக்கின்படி காற்றுத் திறப்புகளைத் திருப்பிக்கொண்டிருந்தார். ஷிஃபா சேதியைச் சொன்னதும் யோகேஸ்வரி அவள் கன்னத்தைத் தடவித் தன் நெற்றியில் சொடுக்கெடுத்தாள்.

"அந்த ஏரோப்பிளேன்ல எத்தன பேரு இருப்பாக?"

"நாலு பேருக்கா. ரெண்டு பைலட்டு, ஒரு நர்ஸு, ஒரு நோயாளி."

"நர்ஸு ஒரே எடத்துல நிக்க மாட்டா பாத்துக்க. குனிவா, நிமிருவா, சீக்காளியத் திருப்பிப் போடுவா. அதையும் போடு."

ஷிஃபா பால்கோவா டப்பாவை அவள் கையில் கொடுத்துவிட்டு, பையிலிருந்து நோட்டை எடுத்தாள்.