டிக்கெட்டின் பின்பக்கம்

ராயபுரம் ஸ்டாப்பில் ஆட்களை இறக்கிவிட்டு பஸ் பாலத்தில் ஏறும்போதுதான் ஜெயவேலுக்கு உறைத்தது. ஒரே பாக்கியை இரண்டு தடவை கொடுத்திருக்கிறான். பத்து இருபது இல்லை, நானூற்று எண்பத்தைந்து ரூபாய். ஊதிய விசில் வாயிலேயே இருக்க, கம்பியைப் பிடித்துக்கொண்டு பின்கண்ணாடி வழியாகப் பார்த்தான். காசிமேட்டுக்குப் போகிற ஒரு ஐஸ் வண்டியும் இரண்டு ஷேர் ஆட்டோவும்தான் தெரிந்தன. அந்த வெள்ளைச் சட்டைப் பெரியவரும் அவர் மனைவியும் எந்தச் சந்தில் புகுந்தார்களோ, ஆளைக் காணோம்.

நடந்தது இதுதான். எண்ணூரில் ஏறிய பெரியவர் பதினைந்து ரூபாய் டிக்கெட்டுக்கு ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டினார். காலை ஏழரை மணிக்கு எந்தக் கண்டக்டர் பையில் அவ்வளவு சில்லறை இருக்கும்? ஜெயவேல் டிக்கெட்டைத் திருப்பி, பின்பக்கம் பேனாவால் 485 என்று எழுதி, கீழே ஒரு சுழி போட்டுக் கொடுத்தான். கையில் மெஷின் வந்து, ஃபோனில் பணம் கட்டுகிற காலமும் வந்துவிட்டது. ஆனாலும் பாக்கியை டிக்கெட்டின் முதுகில் எழுதுகிற வழக்கம் மட்டும் போகவில்லை. அந்த எழுத்துதான் பத்திரம். பாக்கியைக் கொடுத்ததும் டிக்கெட்டின் ஓரத்தைக் கிழித்துவிடுவான். ஓரம் கிழிந்த டிக்கெட்டைக் காட்டி யாரும் மறுபடி கேட்க முடியாது. இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் அந்தக் கிழிசல் ஒருநாளும் அவனைக் கைவிட்டதில்லை.

திருவொற்றியூர் தேரடி தாண்டியதும், இடதுபக்கப் பெண்கள் சீட்டிலிருந்து அந்த அம்மாள் கூப்பிட்டாள். தன் வீட்டுக்காரர் பின்னால் நிற்கிறார், அவர் கொடுத்த ஐந்நூறுக்குப் பாக்கியைத் தன்னிடம் கொடுத்துவிடும்படி கேட்டாள். கழுத்தில் ஜெபமாலை, மடியில் மெழுகுவர்த்திப் பொட்டலம். பொய் சொல்கிற முகமில்லை. பொய்யும் சொல்லவில்லை. ஜெயவேல் எண்ணிக் கொடுத்தான். டிக்கெட் என்னவோ பின்னால், கூட்டத்துக்கு அந்தப் பக்கம் புருஷன் கையில். எதைக் கிழிப்பது? ராயபுரத்தில் பின்படியில் இறங்கும்போது பெரியவர் டிக்கெட்டை நீட்டினார். ஓரம் முழுசாக இருந்தது. ஓரம் முழுசாக இருந்தால் பணம் கொடு என்றுதான் கைக்குப் பழக்கம். கொடுத்துவிட்டது.

அவர்கள் திருடவில்லை என்பது அவனுக்குத் தெரியும். அந்த அம்மாள் வாங்கியது அவருக்குத் தெரியாது, அவர் வாங்கியது அந்த அம்மாளுக்குத் தெரியாது. ஆனால் ரோட்டில் நாலு எட்டு வைத்ததும் தெரிந்திருக்கும் இல்லையா? தெரிந்தபிறகு? அங்கேதான் ஜெயவேலின் வயிறு எரிந்தது. ஒற்றை ரூபாய் பாக்கிக்கு இந்த ரூட்டில் அவன் வாங்காத பேச்சில்லை. அந்த ஒரு ரூபாயில் மாடி கட்டப்போறியா என்று கேட்டவன் உண்டு. பொம்பளைகளுக்குத்தான் டிக்கெட் ஓசி, எங்களிடம் வசூல் பண்ணுகிறாயா என்று கேட்டவன் உண்டு. ஆனால் "கண்டக்டரே, பத்து ரூபா கூட குட்த்துட்டே, இந்தா" என்று சொன்ன வாய்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். விரல்கூட மிச்சமிருக்கும்.

டெப்போவில் பணம் கட்டும்போது துண்டு சரியாக நானூற்று எண்பத்தைந்து விழுந்தது. கவுன்டர்காரர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. துண்டு விழுந்தால் கண்டக்டர் போட வேண்டும், அதில் பேச ஒன்றுமில்லை. சட்டைப் பையில் தனியாக மடித்து வைத்திருந்த ஐந்நூறை எடுத்துக் கொடுத்தான். அது கண்ணாடிக்கு வைத்திருந்த பணம். எம்.கே.பி. நகர் கடையில் பத்து நாளாக அவனுடைய மூக்குக் கண்ணாடி தயாராகக் காத்திருக்கிறது. மிச்சம் ஐந்நூறைக் கட்டினால் எடுத்துக்கொள்ளலாம். நாற்பத்தாறு வயதில் கிட்டப் பார்வை மட்டும் மங்கிவிட்டது. மெஷினைக் கையை நீட்டித் தள்ளிப் பிடித்தால்தான் எண் தெரிகிறது. எட்டத்தில் இருப்பதெல்லாம் கழுகுக்குத் தெரிகிற மாதிரித் தெரிகிறது சார் என்று கடைக்காரர் வேறு பாராட்டி அனுப்பியிருந்தார். இனி அடுத்த சம்பளம் வரைக்கும் கையை நீட்டிக்கொண்டுதான் பிழைப்பு.

வீட்டுக்கு வந்து மனைவி மதியிடம் சொன்னபோது, தன் பக்கம் நின்று நாலு வார்த்தை திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் ஒரு கிளினிக்கில் டோக்கன் எழுதுகிறவள், நாள் பூராவும் ஜனங்களோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிறவள். கீரையை ஆய்ந்துகொண்டே முழுசாகக் கேட்டாள்.

"சரி, நீ திருப்பிக் குட்த்திருப்பியா?" என்றாள்.

ஜெயவேலுக்குச் சுருக்கென்றது. அவள் எதைக் குத்துகிறாள் என்று தெரியும். பாக்கியை வாங்க மறந்து இறங்குகிறவர்களின் காசு. ஒரு நாளைக்கு ஐந்து, பத்து, சில நாள் இருபது. அதைச் சட்டையின் இடது பையில் தனியாகப் போட்டுக்கொள்வான். டீ, வடை, டிரைவர் பொன்ராஜுக்கு ஒரு வெற்றிலைப் பாக்கு. எல்லாக் கண்டக்டருக்கும் உள்ளதுதான். மறந்தவன் யாரென்று தெரியாது, தெரியாதவனைத் தேடிப் போய்க் கொடுக்க முடியாது. இதையும் அதையும் ஒன்றாக வைத்துப் பேசுகிறாளே என்று ஆத்திரம் வந்தது.

"மறந்துட்டுப் போறவன் யார்னு எனக்கு எப்டி தெரியும்? இவங்களுக்கு என்னைத் தெரியும் இல்ல? தினம் அதே பஸ்ல நான் தொங்கினு வர்றது கண்ணுக்குத் தெரிது இல்ல?"

மதி கீரைக் காம்பை ஒடித்துப் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள். பதில் சொல்லியிருந்தால் சண்டை போட்டாவது ஆற்றிக்கொண்டிருப்பான். அவள் பேசாமல் போனதில்தான் அந்த வேண்டாத ஞாபகம் வந்தது. மூன்று வாரத்துக்கு முன்னால் ஒருநாள். கன்டெய்னர் லாரிகள் எக்ஸ்பிரஸ் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றதில் முக்கால் மணி நேரம் லேட். பொன்ராஜ் வழியெல்லாம் கத்திக்கொண்டு வந்தான். ராயபுரத்தில் கூட்டம் இறங்கி, பஸ் நகர ஆரம்பித்ததும் யாரோ பின்னாலிருந்து பஸ்ஸின் தகரத்தில் டப் டப் என்று தட்டினார்கள். ஜெயவேல் இன்னொரு விசில் ஊதினான். அன்றைக்கு இடது பையில் எண்பத்தைந்து ரூபாய் சேர்ந்தது. அதில்தான் அரை பிளேட் பிரியாணி சாப்பிட்டான். லேட்டான கோபத்தில் ஊதிய விசில் அது, வேறொன்றுமில்லை என்று அப்போதே தனக்குச் சொல்லியாயிற்று. இப்போதும் அதையே சொல்லிக்கொண்டு சோற்றைப் பிசைந்தான்.

அந்த வாரம் முழுக்க அவன் யாரோடும் சரியாகப் பேசவில்லை. மெழுகுவர்த்தியும் ஜெபமாலையுமாக வந்தவர்கள் என்றால் செவ்வாய்க்கிழமை அந்தோணியார் கோயில் நவநாள் ஜெபத்துக்குப் போகிறவர்கள். அடுத்த செவ்வாயும் வருவார்கள். ஆனால் பணம் போன மறுநாளிலிருந்தே அவனுக்கு மதிய ஷிப்ட். நோயல் என்கிற இன்னொரு கண்டக்டரிடம் கெஞ்சி, அவனுடைய ஞாயிற்றுக்கிழமை டூட்டியைத் தான் பார்ப்பதாக ஒப்புக்கொண்டு, செவ்வாய்க் காலை டிரிப்பை வாங்கினான். நானூற்று எண்பத்தைந்துக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. பொன்ராஜ் சிரித்தான். யானை வாயில் போன கரும்பு, அதை எதற்குப் பிடித்து இழுக்கிறாய் என்றான். ஜெயவேலுக்கு இப்போது கரும்புகூட முக்கியமில்லை. கோயிலுக்குப் போகிற வாய் என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை இரண்டு பேரும் வந்தார்கள். அதே எண்ணூர் ஸ்டாப்பு, அதே வெள்ளைச் சட்டை. அந்த அம்மாள் முன்படியில் ஏறி, இலவச டிக்கெட்டை வாங்கிக்கொண்டு பெண்கள் பக்கம் உட்கார்ந்தாள். ஜெயவேலைப் பார்த்து லேசாகத் தலையசைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பெரியவர் பின்னால் வந்து பதினைந்து ரூபாயைச் சரியாக, பத்தும் ஐந்துமாகக் கையில் வைத்தார். அதைப் பார்த்ததும் ஜெயவேலுக்குத் தலைக்கு ஏறியது. இன்றைக்கு மட்டும் சில்லறை எங்கிருந்து வந்தது? இனி கண்டக்டரோடு எந்தக் கணக்கும் வேண்டாம் என்கிறாரா?

ஒரு வாரமாக ஒத்திகை பார்த்த பேச்சு தொண்டை வரை வந்து நின்றது. எப்படிக் கேட்பது? நிற்க இடமில்லாத பஸ்ஸில், என் பணத்தைக் கொடு என்று கண்டக்டர் கேட்டால் கேட்கிறவன்தான் கேவலம். நாலு பேர் பெரியவருக்குப் பரிந்துகொண்டு வருவார்கள், அதில் இரண்டு பேர் ஃபோனில் வீடியோ எடுப்பார்கள். தண்டையார்பேட்டை வந்தது, போனது. அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடல் பக்கம் பார்த்தபடி வந்தார். நான் வாயைத் திறக்காமலே இந்த மனுஷன் இறங்கிப் போகப்போகிறான், நானும் விசில் ஊதப்போகிறேன் என்று நினைக்க ஜெயவேலுக்கு அழுகைபோல ஏதோ வந்தது.

ராயபுரத்தில் எல்லோரும் இறங்கும்வரை பெரியவர் நின்றார். கடைசியாகப் பின்படியில் இறங்கி, கீழே நின்றுகொண்டு சட்டைப் பையிலிருந்து அந்தோணியார் படம் போட்ட ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். அதிலிருந்து நான்கு நூறு ரூபாய் நோட்டு.

"போன வாரம் எனக்கும் குட்த்துட்ட, அவளுக்கும் குட்த்துட்ட. கோயிலாண்ட போய்த்தான் தெரிஞ்சுது. மறுநா வந்து ஸ்டாப்ல நின்னேன், நீ வர்ல."

ஜெயவேலுக்குச் சட்டென்று நெஞ்சு லேசாகிவிட்டது. ஒரு வாரத்துக் கசப்பும் இறங்கி, அவர் கையைப் பிடித்துக்கொள்ளலாமா என்றுகூட இருந்தது. நோட்டை வாங்கி, பழக்கதோஷத்தில் எண்ணினான்.

"பெர்சு, இதுல நானூறுதான் கீது."

"ஆமா, நானூறுதான்." பெரியவர் உறையிலிருந்து ஒரு பழைய டிக்கெட்டை உருவினார். அதைக் கொடுக்கும்போது அவர் குரல் கொஞ்சம்கூட ஏறவில்லை. "எண்பத்தஞ்சு என்னுது. அதுக்கு முந்தி ஒருநா நீ தராம பூட்ட. வண்டி பின்னாலயே தட்டினு ஓடியாந்தேன். பின்கண்ணாடில நீ என்னைப் பாத்துகினேதான் விசில் ஊதுன."

ஜெயவேல் வாயைத் திறந்தான். பார்க்கவில்லை என்று சொல்ல வேண்டும். எட்டத்தில் இருப்பதெல்லாம் தெரிகிற கண்ணை வைத்துக்கொண்டு அதை எப்படிச் சொல்வது?

"முழுசா குட்த்துடுன்னுதான் அவ சொன்னா," என்று பெரியவர் கொஞ்சம் தள்ளி நின்ற மனைவியைக் காட்டினார். "பேஜாரு வோணாம், சாமி காரியமா வந்துகீறோம்னா. எனக்குத்தான் மனசு வர்ல."

அந்த அம்மாள் இந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. மெழுகுவர்த்திப் பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, புருஷன் வரட்டும் என்று கோயில் தெருப் பக்கம் திரும்பி நின்றாள். பொன்ராஜ் ஹாரனை விடாமல் அடித்தான். உள்ளேயிருந்து யாரோ, ரைட் குடுய்யா, ஆபீசுக்குப் போக வேணாமா என்று கத்தினார்கள். பெரியவர் அதற்குள் நடக்க ஆரம்பித்திருந்தார்.

பஸ் பாலத்தில் ஏறியது. ஜெயவேலுக்கு இப்போது பெரியவர்மேல் முன்னைவிட ஆத்திரமாக இருந்தது. ஒன்றுமே தராமல் போயிருந்தால் ஆயுசுக்கும் நிம்மதியாகத் திட்டிக்கொண்டிருக்கலாம். முழுசாகத் தந்திருந்தாலும் நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லலாம். இந்த நானூறை என்ன செய்வது? மதியிடம் என்னவென்று சொல்வது? நோட்டுகளை இடது பையில் போடப் போனவன், கையை எடுத்து வலது பையில் போட்டான். அங்கேயும் சரியாக இல்லை.

கடைசியில் அந்த டிக்கெட்டைக் கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்த்தான். பிளாஸ்டிக் உறையில் கிடந்து மெஷின் அடித்த எழுத்தெல்லாம் அழிந்துவிட்டிருந்தது. தேதி இல்லை, ஸ்டாப்பு இல்லை, பதினைந்து ரூபாயும் இல்லை. வெறும் வெள்ளைத் துண்டு. திருப்பினான். பேனாவில் 85, கீழே அவன் போட்ட சுழி. ஓரம் கிழியவில்லை.

கிழித்துவிடலாம் என்று விரலைக் கொண்டுபோனான். பாலம் இறங்கி, அடுத்த ஸ்டாப்பில் ஆட்கள் இறங்கினார்கள். பொன்ராஜ் கியரைப் போட்டுவிட்டு விசிலுக்குக் காத்திருந்தான். வெளியே யாரோ பஸ்ஸின் தகரத்தில் தட்டினார்கள், டப் டப் என்று. ஜெயவேல் விசிலை வாயில் வைத்தபடி, பின்கண்ணாடியைப் பார்த்தான்.