நூற்றுக்கு ஏழு

"முப்பத்தொண்ணு நானூறு. சாக்குக்கு ஒரு கிலோ கழிச்சு முப்பது நானூறு. அடுத்தது வைங்க."

தராசக்கா சொல்லச் சொல்ல வரிசை ஒரு மூட்டை நகர்ந்தது. பழைய சாமான் கிடங்கின் வாசலில், தகரக் கூரைக்குக் கீழே, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதன் முன்னால் எலக்ட்ரானிக் தராசு, அதன் தலையில் சிவப்பு எண்கள் மின்னும் பெட்டி. அட்டையோ இரும்போ பிளாஸ்டிக்கோ, கொண்டுவந்தவர்கள் தராசில் வைப்பார்கள். அவள் எண்ணை உரக்கச் சொல்லி, சீட்டில் எழுதிக் கிழித்துக் கொடுப்பாள். சீட்டை உள்ளே காட்டினால் காசு. பத்தொன்பது வருஷமாக இதுதான் வேலை. அவளைப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஆஸ்பத்திரிச் சீட்டில் மட்டும் இருந்தது. முதலாளியிலிருந்து தள்ளுவண்டிக்காரர் வரைக்கும் அவள் தராசக்காதான்.

வயது ஐம்பத்தேழு. சர்க்கரை, பிரஷர், தைராய்டு மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, வாடகை தராத குடித்தனக்காரர்கள் மாதிரி உடம்பில் தங்கிவிட்டன. நான்காவதாக வந்தது முழங்கால். உள்ளே எலும்போடு எலும்பு உரசுகிறது என்று படத்தைப் பார்த்துச் சொன்னார்கள். கிடங்கின் கழிப்பறை அட்டைக் குவியல்களைத் தாண்டிக் கடைசியில் இருந்தது. அங்கே போய்வரப் பயந்து அவள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டாள். மதியத்துக்குள் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். சிறுநீரகம் கெட்டுப்போகும் என்று டாக்டர் திட்டினார். சிறுநீரகம் என்றைக்கோ கெடப்போவது. முழங்கால் இன்றைக்கு வலிப்பது.

எட்டு மாதம் முன்னால் அரசு ஆஸ்பத்திரியில் அவளைத் தராசில் ஏற்றியபோது தொண்ணூற்றெட்டு காட்டியது.

"எண்பத்தஞ்சுக்குக் கீழ வாங்கம்மா," என்றார் எலும்பு டாக்டர். "சர்க்கரையும் பிரஷரும் வச்சுக்கிட்டு இந்த எடையில மயக்க மருந்து கொடுத்தா ஆபத்து. எடை குறைஞ்சதும் மூட்டு மாத்திடலாம். இலவசப் பட்டியல்ல உங்க பேரை எழுதிக்கறேன். எட்டு மாசத்துல உங்க முறை வரும்."

"எப்படிங்க குறைக்கறது?"

"தினமும் முக்கால் மணி நேரம் நடங்க."

"நடக்க முடியலன்னுதானேங்க வந்திருக்கேன்."

டாக்டர் சிரித்துவிட்டார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்ற கதையாக இருந்தது.

அன்றிலிருந்து வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி நடந்த வாழ்க்கை. துணிக்கடையில் வேலை பார்க்கும் மகள், சோற்றை டம்ளரால் அளந்துதான் தட்டில் கவிழ்ப்பாள். மேற்கொண்டு வெள்ளரிக்காய், வேகவைத்த காய், ஒரு முட்டை. யானைப் பசிக்குச் சோளப்பொரி. உப்பில்லை, சர்க்கரையில்லை, டீக்கடையில் கடிக்கும் பிஸ்கட்டில்லை. சாப்பாடு குறைந்ததும் சர்க்கரைக்குப் போடும் ஊசி தன் வேலையைக் காட்டியது. பதினோரு மணிக்குக் கை நடுங்கும், நெற்றியில் வேர்க்கும், சிவப்பு எண்கள் ரெண்டு ரெண்டாகத் தெரியும். உடனே மேஜை டிராயரிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து வாயில் போட்டுக்கொள்வாள். இளைக்கப் பட்டினி, பட்டினியால் மயக்கம், மயக்கத்துக்கு மிட்டாய். அந்த மிட்டாயின் மேல் அவளுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. நடக்க முடியாத குறைக்கு, நாற்காலியில் உட்கார்ந்தபடியே காலை முப்பது தடவை நீட்டி மடக்குவாள். முதல் நாள் வரிசையில் நின்ற தள்ளுவண்டிக்காரர், தன்னைத்தான் உதைக்கிறாள் என்று ஒதுங்கி நின்றார்.

ஏழு வாரம் அவள் எங்கேயும் எடை பார்க்கவில்லை. பார்க்கத் தைரியமில்லை. ஊரார் மூட்டையையெல்லாம் எடை போடுகிறவள், அந்தத் தராசில் தான் ஏறுவதை யாராவது பார்த்தால் ஆயுசுக்கும் கேலி பேசுவார்கள் என்ற வெட்கம் வேறு. ஒரு சாயங்காலம் எல்லோரும் போனபின் செருப்பைக் கழற்றிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினாள்.

எண்பத்தொன்பது.

கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாள். எண்பத்தொன்பதேதான். பழக்கதோஷம், மனசு தானாகவே சொல்லிக்கொண்டது: உடுத்தின துணிக்கு ஒரு கிலோ கழிச்சு எண்பத்தெட்டு. பத்து கிலோ! அன்றைக்கு அவள் வீட்டுப் படியை வலியோடுதான் ஏறினாள், ஆனால் பாடிக்கொண்டே ஏறினாள்.

"துணிக்கு எல்லாம் கழிக்கக் கூடாதும்மா," என்றாள் மகள்.

"ஏன், சாக்கைக் கழிக்கலாம், துணியைக் கழிக்கக் கூடாதா?"

அதற்குப்பின் எல்லா சனிக்கிழமையும் ஏறினாள். எண்கள் எறும்பு ஊர்வது மாதிரி இறங்கின. ஒரு மாதம் முழுக்க எண்பத்தேழிலேயே நின்றபோது, தைராய்டு மாத்திரையின் அளவு மாறும்வரை அழுகையை அடக்கிக்கொண்டு காத்திருந்தாள். அவள் எடை குறைப்பது கிடங்குக்கே தெரிந்துபோய், கேலிக்குப் பதிலாக விசாரிப்பு வந்தது. வாரத்துக்கு மூன்று நாள் கடை கடையாக அட்டை பொறுக்கி முதுகில் சுமந்து வரும் அட்டைக்காரி, மூட்டையை இறக்கியதும் முதலில் அதைத்தான் கேட்பாள். "இந்த வாரம் எவ்வளவுக்கா?"

அவளும் அக்காவும் ஒருகாலத்தில் பேசிக்கொள்ளாமல் இருந்தவர்கள். தராசு புதிதாக வந்த வருஷம், அட்டைக்காரி வரிசையில் நின்றுகொண்டே கேட்டாள்: "கடைக்காரர் அவர் தராசுல போட்டு முப்பதுன்னாரேக்கா. இங்க இருபத்தெட்டுங்குது?"

"அட்டை வெயில்ல காஞ்சிருக்கும். இல்ல, வழியில எங்கயாவது ரெண்டு கிலோவ இறக்கி வித்துட்டு வந்தியா? தராசு என்ன உனக்கு எதிரியா?"

வரிசை சிரித்தது. அட்டைக்காரி அப்புறம் கேட்கவில்லை. தராசக்காவுக்குச் சந்தேகமே வந்ததில்லை என்று சொல்ல முடியாது. வந்த சந்தேகத்தை அவள் உட்காரவைத்து விசாரித்ததில்லை, அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின நாள் தராசு எண்பத்துநாலு நூறு காட்டியது. துணி போக எண்பத்துமூன்று. முதலாளி மூன்று வாரம் லீவு கொடுத்தார். அட்டைக்காரி ரெண்டு ஆரஞ்சுப் பழம் வாங்கிவந்து கையில் திணித்தாள். மகள் கடையில் சொல்லிவிட்டு, மாற்றுத்துணி, போர்வை, ஃபிளாஸ்க் எல்லாம் வைத்துப் பையைக் கட்டினாள்.

காலையில் வார்டு வாசலில் ஆறு பேர் காத்திருந்தார்கள். நர்ஸ் பேரைக் கூப்பிட்டாள். தராசக்கா நிமிர்ந்து நடந்துபோய், பரீட்சையில் தேறிவிட்ட பிள்ளை மாதிரி ஏறி நின்றாள்.

"தொண்ணூறு நானூறு," என்றாள் நர்ஸ்.

"இல்லங்க. எண்பத்துநாலுதான். நல்லாப் பாருங்க."

"நீங்களே பாருங்கம்மா."

பார்த்தாள். பத்தொன்பது வருஷமாக எண்களைப் பார்த்த கண். தொண்ணூறு நானூறுதான்.

"இது ரிப்பேரா இருக்கும். வேற தராசுல போடுங்க. நான் எடை போடற ஆளுங்க, எனக்குத் தெரியும்."

நர்ஸ் நல்ல பெண். பக்கத்து வார்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே தொண்ணூறு ஐந்நூறு.

டாக்டர் பழைய சீட்டையும் புதிய சீட்டையும் சேர்த்துவைத்துப் பார்த்தார். "ஏழரை கிலோ குறைச்சிருக்கீங்கம்மா. இவ்வளவு வியாதிய வச்சுக்கிட்டு இது சாதாரண விஷயமில்ல. ஆனா இன்னும் ஆறு கிலோ இறங்கணும். இன்னிக்கு உங்க இடத்துல அடுத்தவங்கள எடுத்துக்கறோம்."

"ஒரு மாசத்துல இறக்கிடறேன் டாக்டர். கும்பிட்டுக் கேக்கறேன்."

"நான் முடிவு பண்றது இல்லம்மா. ஒரு தடவை விட்டா பேரு கடைசிக்குப் போயிடும். இப்ப இருக்கற பட்டியலுக்குப் பத்து மாசம் ஆகும்."

அடுத்தவர் ஒரு மெலிந்த பெரியவர். அவளைப் பார்க்கக் கூச்சப்பட்டுக்கொண்டு, தலையைக் குனிந்தபடி உள்ளே போனார்.

பஸ்ஸில் மகள் பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். அப்புறம் மெதுவாகக் கேட்டாள்: "நேத்து எண்பத்துமூணுன்னியேம்மா. எனக்குத் தெரியாம எதையாவது தின்னுக்கிட்டுதான் இருந்தியா?"

"சத்தியமா இல்லடி."

"திட்ட மாட்டேன், சொல்லு."

"நான் என்ன பொய்யா சொல்றேன்? தராசுல நின்னுதான் பாத்தேன்."

மகள் நம்பவில்லை என்பது அவள் ஜன்னல் பக்கம் திரும்பிய விதத்திலேயே தெரிந்தது. எட்டு மாதம் சோற்றை அளந்து போட்ட கை அது. தராசக்காவுக்கு முழங்காலைவிட அதுதான் வலித்தது.

மறுநாள் யாரும் வருவதற்கு முன்னால் கிடங்குக்குப் போனாள். குடிப்பதற்காக முதல் நாள் இறக்கிவைத்திருந்த இருபது லிட்டர் தண்ணீர் கேன் ஒன்று, மூடி திறக்காமல் இருந்தது. அதைத் தரையிலேயே உருட்டிக்கொண்டு வந்து, மூச்சு வாங்க, தராசில் நிமிர்த்தினாள். இருபது லிட்டர் தண்ணீர் இருபது கிலோ. கேன் முக்கால் கிலோவாவது இருக்கும்.

பத்தொன்பது முந்நூறு.

இறக்கி மறுபடி வைத்தாள். பத்தொன்பது முந்நூறு. நாற்காலியில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதலாளி ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார், அவளைப் பார்த்துத் திகைத்தார், பிறகு கேனைப் பார்த்தார். அவருக்கு எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"ஆபரேஷன் என்னாச்சுக்கா?"

"எடை ஜாஸ்தின்னு அனுப்பிட்டாங்க. இந்தத் தராசை நம்பிப் போனேன்."

முதலாளி நல்லவர். மருந்துக்கு முன்பணம் கேட்டால் முகம் சுளிக்காதவர். நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, நிஜமாகவே வருத்தப்பட்டார். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாக்கா? இதுல ஏறி எடை பாக்கறேன்னு?"

"சொல்லியிருந்தா?"

"நூத்துக்கு ஏழு சேத்துப் பாருங்கன்னு சொல்லியிருப்பேன்ல."

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எல்லாக் கிடங்குலயும் இருக்கறதுதான்க்கா. வாடகை, லாரி, ஆள்கூலி எல்லாம் எங்கேர்ந்து வருது? உங்க சம்பளமும் அதுலதான் வருது. இத்தனை வருஷம் இந்த இடத்து உப்பைத் தின்னிருக்கோம், வெளியில பேசற விஷயமா இது?"

"உப்பைத்தான் டாக்டர் நிறுத்தச் சொல்லிட்டாரே," என்றாள். சொல்ல வந்தது அதுவல்ல.

முதலாளி சிரித்து, நிம்மதியடைந்தவராக அவள் தோளைத் தட்டினார். "அடுத்த தடவைக்கு நீங்க ஏறும்போது மட்டும் நூத்துக்கு ஏழு கூட்டிக்கோங்க. மத்தது அப்படியே ஓடட்டும். லீவு வேண்டாம்னா இன்னிக்கே உக்காருங்க, சம்பளம் பிடிக்கல." கேனைத் தூக்கி இறக்கிவைத்துவிட்டு உள்ளே போனார்.

எழுந்து வீட்டுக்குப் போய்விடலாம். போய்? ஐம்பத்தேழு வயதில், தேய்ந்த காலோடு, உட்கார்ந்த இடத்தில் கூலி தர யார் இருக்கிறார்கள்? மகள் சம்பளம் வாடகைக்கே சரி. ஊசி மருந்து இந்த வாரத்தோடு தீர்கிறது. அவள் சீட்டுப் புத்தகத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

வரிசை சேர்ந்தது. ஒவ்வொரு எண்ணும் இப்போது ரெண்டு எண்ணாக வந்தது, மிட்டாய் போட்டும் சரியாகவில்லை. பதினெட்டு என்று வாய் சொல்லும்போது பத்தொன்பதரை என்று உள்ளே ஓடும். வழக்கமாகக் கிடங்கு வாசல் அதிரச் சொல்கிறவள், பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

பத்தரை மணிக்கு அட்டைக்காரி வந்தாள். அக்காவைக் கண்டதும் மூட்டையைத் தராசில் போட்டுவிட்டு ஓடிவந்தாள். "என்னக்கா இங்க உக்காந்திருக்கீங்க? ஆபரேஷன்?"

"பத்து மாசம் தள்ளிப் போட்டுட்டாங்க."

"ஏன்?"

"எடை பத்தலயாம். அதாவது, இன்னும் குறையணுமாம்."

"பாவிங்க! இவ்வளவு இளைச்சும் பத்தலயாமா?" அட்டைக்காரியின் கண் கலங்கிவிட்டது. தராசின் பக்கம் அவள் திரும்பவேயில்லை. அவள் அதைப் பார்ப்பதை விட்டு வெகுநாளாகிவிட்டது.

பெட்டியில் நாற்பத்திரண்டு நின்றது. தராசக்கா அதைப் பார்த்தாள். நாற்பத்தைந்து என்று நாக்கு நுனிவரைக்கும் வந்தது. உள்ளே மேஜையில் முதலாளி காசுப் பெட்டியைத் திறக்கும் சத்தம் கேட்டது.

"நாப்பத்திரெண்டு," என்றாள். சாக்குக்குக் கழிக்காமல் எழுதிக் கொடுத்தாள். அவளால் முடிந்தது அந்த ஒரு கிலோதான்.

சீட்டை வாங்கிக்கொண்டு அட்டைக்காரி போகவில்லை. "முகமெல்லாம் வேர்த்திருக்கே. பாத்ரூம் போகணுமாக்கா? வாங்க, நான் கூட்டிட்டுப் போறேன்."

மூன்று மணி நேரமாக அடக்கிவைத்திருந்தது அது. மறுக்க முடியவில்லை. அட்டைக்காரி சீட்டைப் பல்லில் கடித்துக்கொண்டு, காலை அகட்டி ஊன்றி, ரெண்டு கையையும் கொடுத்தாள். தராசக்கா அதைப் பிடித்துத் தன் பாரம் முழுவதையும் போட்டு எழுந்தாள். அவள் நிமிர்ந்து நின்றதும் அட்டைக்காரி சீட்டை வாயிலிருந்து எடுத்து மூச்சு விட்டுச் சிரித்தாள்.

"எண்பத்துமூணா நீங்க? கைக்கு அப்படித் தெரியலக்கா."

பிறகு, சீட்டைப் பத்திரமாக இடுப்பில் செருகிக்கொண்டு, அவள் அக்காவின் இடுப்பைச் சுற்றிக் கைபோட்டு, அட்டைக் குவியல்களுக்கு நடுவே மெதுவாக நடத்திக்கொண்டு போனாள்.