கனகா துணை

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று டி. கல்லுப்பட்டிப் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சொல்லட்டும். போன ஐப்பசியில்தான் அந்தக் கோபம் முதல்முறையாக என்மேலேயே திரும்பியது.

என் தங்கச்சி கனகா டீசல் என்ஜின் புகையை அளக்கிற வேலையில் இருக்கிறாள். சிரிக்க வேண்டாம். டிராக்டர், அறுவடை வண்டி, மண் அள்ளுகிற வண்டி இதெல்லாம் எவ்வளவு புகை விடலாம் என்று புது விதி எழுத வடக்கே ஒரு குழு உட்கார்ந்திருக்கிறது. அந்தக் குழுவுக்கு அளந்து கொடுப்பவள் அவள். எங்கள் அப்பா சங்கிலி நாற்பது வருடம் மலையாண்டி வீட்டுக் கரிசலில் கூலிக்கு உழுதவர். அவர் பெற்ற மகள் சொல்லை வைத்து நாட்டுக்கே விதி எழுதுகிறார்கள் என்றால் எனக்குத் தலைகால் புரியுமா?

அந்தக் குழுவில் ஒரு வாக்குவாதம் ஓடிக்கொண்டிருந்தது. புது என்ஜினைச் சோதனைக் கூடத்தில் ஒருமுறை அளந்தால் போதும் என்பது கம்பெனிக்காரர்கள் கட்சி. நாலைந்து வருடம் புழுதியில் உழுத பிறகு அதே என்ஜின் என்ன கக்குகிறது என்பதையும் அளக்க வேண்டும் என்பது கனகா கட்சி. சரி, வேலை செய்கிற வண்டிகளில் அளந்து காட்டு என்று கடைசியாக ஒரு வாரம் கொடுத்திருந்தார்கள். அவள் நம் ஊரையே தேர்ந்தெடுத்தாள். பத்து டிராக்டர் வேண்டும், எப்போதும் ஓடுகிற மாதிரியே இருக்கட்டும் என்று போனில் சொன்னாள். அவள் வருகிறாள் என்பது மட்டும்தான் என் காதில் விழுந்தது.

உடனே டிராக்டர்காரர்கள் வாட்ஸப் குழுவில் பேசிப் போட்டேன். தங்கச்சி மிஷினோடு வருகிறது, ஊர் மானம் போய்விடக் கூடாது, நல்ல வண்டியாக மட்டும் கொண்டு வாருங்கள் என்றேன். மெக்கானிக் அசோக்குமாரை இரண்டு நாள் வீட்டுக்கே விடவில்லை. பத்து வண்டிக்கும் ஏர் ஃபில்டர் மாற்றி, டீசல் பீய்ச்சுகிற நாசிலைச் சுத்தம் பண்ணி, கழுவிக் குளிப்பாட்டி, சந்தனம் குங்குமம் வைத்து மலையாண்டியின் கரிசல் காட்டில் வரிசையாக நிறுத்தினோம். கல்யாண வீடு தோற்றுப்போகும்.

என் வண்டி மட்டும் அந்த வரிசையில் இல்லை. ஆறு வருடத்து வண்டி, பின்னால் 'கனகா துணை' என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கும். கலப்பையை மண்ணில் இறக்கினால் கரும்புகையாகக் கக்கும். அவள் பெயரைச் சுமந்துகொண்டு அவள் முன்னாலேயே அப்படிக் கக்கினால் நன்றாகவா இருக்கும்? மக்காச்சோளக் குடோனுக்குப் பின்னால் தார்ப்பாய் போட்டு மூடிவைத்தேன்.

கனகா வந்தாள். சைலன்சர் வாயில் குழாயை மாட்டி, கருவியை வண்டியிலேயே கட்டி, உழச் சொல்லி அளந்தாள். நாலு வண்டி முடிந்ததும் அவள் முகம் சரியில்லை.

"அண்ணே, இதெல்லாம் எப்ப சர்வீஸ் பண்ணுனது?"

"முந்தாநாளுத்தான். அம்புட்டும் உனக்காகத்தான்" என்றேன், மீசையைத் தடவிக்கொண்டு.

அவள் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. "அம்புட்டு வண்டியும் புதுசு மாதிரி இருக்குண்ணே. கம்பெனிக்காரங்க சொல்றதுதான் சரின்னு நானே எழுதிக் குடுத்துட்டு வரவேண்டியதுதான்" என்றாள். பழைய ஃபில்டரெல்லாம் சாக்கில் கிடக்கிறது, திரும்ப மாட்டிவிடலாம் என்றான் அசோக்குமார். வேண்டுமென்று அழுக்காக்கினால் அதுவும் பொய்தான் என்று மறுத்துவிட்டாள். கொடுத்த வாரம் முடிகிறது, மறுநாள் சாயங்காலம் கருவி திரும்பிப் போக வேண்டும். அவளுடைய மூன்று வருட உழைப்பை நான் இரண்டு நாளில் கழுவித் துடைத்து வைத்திருந்தேன். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

யாரிடமும் சொல்லாமல் குடோனுக்குப் போய்த் தார்ப்பாயை உருவினேன்.

என் வண்டி காட்டுக்குள் நுழைந்ததுமே சிரிப்பு கிளம்பியது. ஒன்பது கொத்துக் கலப்பையை இறக்கி ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். வேடிக்கை பார்க்க வந்திருந்த மலையாண்டி குடைக்குள் நின்று இருமினார். போகட்டும் என்று இரண்டு சுற்று முழுதாக உழுதேன். இறங்கி வந்தபோது கனகா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் வாய் சிரித்தது.

"இதத்தான் தேடி வந்தேன். அறிக்கையில ஒன் பேரு போடவாண்ணே? ஊரே படிக்கும்."

"போடு. அப்பா பேரையும் சேத்துப் போடு" என்று அவள் நீட்டிய சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டேன்.

மலையாண்டி குடையை மடக்கிக்கொண்டு வந்தார். எங்கள் அப்பா இன்றைக்கும் அவரை அய்யா என்றுதான் கூப்பிடுவார். நான் அண்ணே என்று மாற்றிப் பத்து வருடமாகிறது. அவர் என் பக்கமே திரும்பாமல் கனகாவிடம் பேசினார்.

"எங்க மாட்டுக் கொட்டத்துலயும் ஒண்ணு ஒளிச்சு வச்சிருக்கேன் தாயி. இதுக்குக் கொறஞ்சது இல்ல."

அதுதான் தாமதம். நல்ல வண்டியாகக் கொண்டு வாருங்கள் என்று நான் சொன்னதைக் கேட்டு ஆளாளுக்கு மோசமான வண்டியை ஒளித்துவைத்திருக்கிறார்கள். கோயில் மண்டபத்துக்குப் பின்னாலிருந்து ஒன்று, வைக்கோற்போருக்குப் பின்னாலிருந்து இரண்டு என்று வந்துகொண்டே இருந்தன. மறுநாள் சாயங்காலத்துக்குள் பதினொரு வண்டி அளந்துவிட்டாள்.

சித்திரையில் வரைவு விதி வெளிவந்தது. சோதனைக் கூடத்தில் தேறினால் மட்டும் போதாது, வருடக்கணக்கில் உழைத்த பிறகு காட்டில் உழும்போதும் தேற வேண்டும் என்று எழுதியிருந்தது. ஊருக்கே மிட்டாய் கொடுத்தேன். என் தங்கச்சிக்கு நான் கொடுக்காமல் வேறு யார் கொடுப்பது?

கனகாவின் அறிக்கையைப் பிரிண்ட் எடுத்து அப்பாவிடம் கொண்டுபோனேன். கடைசிப் பக்கத்தில் வண்டிக்காரர்கள் பட்டியல், புகை அதிகமானதிலிருந்து வரிசையாக. சிவபாண்டி, தகப்பனார் பெயர் சங்கிலி என்று முதல் வரியைப் படித்தேன். இரண்டாவதாக மலையாண்டி. கோயில் வரியோ சொசைட்டியோ, இந்த ஊரில் எந்தப் பட்டியலிலும் அந்த வீட்டுக்கு மேலே எங்கள் பெயர் வந்ததே கிடையாது.

அப்பா தாளை வாங்கித் தடவிப் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது.

"அய்யா பேரு நமக்குக் கீழயா இருக்கு?"

"ஆமாப்பா."

தாளை என்னிடமே நீட்டினார்.

"இன்னொருக்கா வாசி."