நான் கீறிய வெள்ளைக் கோடு

கொழும்பின் காலி வீதியில் என் கார் நின்றுபோகாத இடத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கடைசியாகக் கொள்ளுப்பிட்டிச் சிக்னலில், பட்டுச்சேலை கட்டிய என் மனைவி சாம்பவி பக்கத்தில் இருக்க, கொதித்து ஆவி விட்டு நின்றது. அவள் இறங்கி, ஓட்டோ ஒன்றை மறித்து ஏறிக் கலியாண வீட்டுக்குப் போய்விட்டாள். நான் காரைத் தள்ளினேன்.

அது இரண்டே சீட் உள்ள, கூரை மடங்கும் பழைய ஸ்போர்ட்ஸ் கார். சிவப்பு. புதுக்கடை நீதிமன்றத்தில் காணி வழக்குப் பேசும் சட்டத்தரணி நான். கோர்ட்டில் நான் எழும்பி நின்றால் நீதிபதி மணிக்கூட்டைப் பார்ப்பார். காரில் போனாலோ பஸ்ஸில் இருக்கும் அத்தனை பேரும் என்னைப் பார்ப்பார்கள். நின்றுபோனால் இன்னும் வடிவாகப் பார்ப்பார்கள்.

மெக்கானிக்கிடம் கொடுக்க மனம் வரவில்லை. வீடியோக்கள் பார்த்து நானே படித்தேன். எஞ்சினுக்குள் பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குச் சற்று முன்பே தீப்பொறி அடிக்க வேண்டும். பிந்தினால் கார் இழுக்காது, எஞ்சின் சூடேறும். அளவுக்கு மேல் முந்தினால் டொக்டொக்கென்று இடிக்கும். எஞ்சினோடு சுழலும் புல்லிச் சக்கரத்தில் வெட்டுகள் இருக்கும். சரியான வெட்டை வைத்துத்தான் டைமிங், அதாவது தீப்பொறி அடிக்கும் நேரம், பார்ப்பது. நான் கிரீஸைத் துடைத்து, ஒரு வெட்டைக் கண்டுபிடித்து, அதன்மேல் வெள்ளைப் பெயின்டால் கோடு கீறி, டைமிங்கை அதற்குச் சரியாக வைத்தேன். அதற்குப் பிறகுதான் கார் கொதிக்கத் தொடங்கியது. பெற்றோலைச் சந்தேகித்தேன். கொழும்பு வெயிலைச் சந்தேகித்தேன். ரேடியேட்டரையே மாற்றினேன். என்னை மட்டும் சந்தேகிக்கவில்லை.

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியில் வீட்டுக்கு ஒரு பார்க்கிங்தான். சாம்பவி வங்கிக்குப் போகும் கார் வெளியே ஒழுங்கையில் வெயில் காயும். அதன் கண்ணாடியை யாரோ இரண்டு தரம் உடைத்துவிட்டார்கள்.

"உங்கட சிலைக்கு நிழல், என்ர காருக்கு வெயிலோ?" என்று கேட்டுவிட்டு, அவளே விற்பனை விளம்பரம் போட்டாள். கொள்ளுப்பிட்டிக்குப் பிறகு எதிர்த்துக் கதைக்க எனக்கு வாயில்லை.

கொட்டாஞ்சேனையில் சலூன் நடத்தும் மாக்ரெட் என்ற பெண்மணி கார் பார்க்க வருவதாகச் சொன்னார். அவர் வரும் நாள் காலை எனக்கு அழுகையே வந்தது. சாம்பவி குளிக்கப் போனதும் ஸ்பானரோடு கீழே இறங்கினேன். டைமிங்கை நன்றாக முந்தவிட்டால் கார் இடிக்கும். இடிக்கிற காரை யார் வாங்குவார்? தீப்பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரைக் கொஞ்சம் திருப்பி இறுக்கினேன். ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கவில்லை, சத்தம் மேலே கேட்கும்.

மாக்ரெட் வந்தார். இருப்பது இரண்டே சீட், சாம்பவி தானும் போவதாகச் சொன்னாள். அவள் பக்கத்தில் ஏற, மாக்ரெட் ஓட்டிக்கொண்டு மரைன் டிரைவ் பக்கம் போனார். கார் நின்றுவிட்டால் ஊற்றவென்று நான் கேற்றடியில் தண்ணீர்ப் போத்தலோடு நின்றேன். எந்த நிமிடமும் தொலைபேசி அழைப்பு வரும் என்று எனக்கு நிச்சயம்.

கார்தான் வந்தது. இரண்டு பேரின் தலைமயிரும் கலைந்து கிடந்தது, சாம்பவி சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இது இப்பிடி ஓடுமெண்டு எனக்குத் தெரியாதே! விக்கத்தான் வேணுமோ எண்டு யோசிக்கிறன்," என்றாள்.

என் கார் எனக்கே தங்கிவிடும் போலிருந்தது. அந்த இடத்தில் மாக்ரெட் விடைபெற்றிருந்தால் நான் தப்பியிருப்பேன். அவர் பொனட்டைத் திறந்து, குனிந்து காது கொடுத்தார். பிறகு எஞ்சினை நிறுத்தி போன் டோர்ச்சை அடித்தார்.

"எஞ்சின் மிச்சம் நல்லா இருக்கு. டைமிங் அச்சொட்டாச் சரி. ஆனா இந்த வெள்ளைக் கோடு பிழையான வெட்டுல கிடக்குதே? இதை நம்பி வச்சா பிந்தித்தான் அடிக்கும். கார் கொதிச்சே செத்துப் போகும்."

கெடுக்கவென்று நான் காலையில் திருப்பியது, பிந்தியிருந்ததைச் சரியாக்கிவிட்டிருக்கிறது. சாம்பவியின் சிரிப்பு நின்றது. "கோடு ஆர் கீறினது?"

"நான்."

"இப்ப டைமிங்கைச் சரியா வைச்சது?"

"நான்தான்," என்றேன். அதில் கொஞ்சம் பெருமையும் கலந்துவிட்டது. எத்தனையோ சாட்சிகளை இப்படிக் கேள்வி கேட்டுத்தான் நான் விழுத்தியிருக்கிறேன்.

"எப்ப?"

"இண்டைக்குக் காலமை."

"விக்கிற அண்டைக்கு, நான் குளிக்கேக்க, ஒளிச்சு வந்து, எனக்காகத் திருத்தினியளோ?"

 என் கையில் இன்னும் தண்ணீர்ப் போத்தல் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். கார் நின்றுபோகவென்று நான் காத்திருந்தது அவளுக்கு விளங்கிவிட்டது.

"மாக்ரெட், நீங்கள் எடுங்கோ," என்றாள்.

மாக்ரெட் என் கையைக் குலுக்கி, "பிரச்சினை ஏதும் வந்தா உங்களுக்குத்தான் கோல் எடுப்பன், லோயர்," என்றார். அதை நம்பி, கோர்ட்டில்கூடப் போனை அணைக்காமல் வைத்திருந்து நீதிபதியிடம் ஏச்சு வாங்கினேன். அழைப்பு வரவில்லை.

போன கிழமை சாம்பவியின் காரில் கொள்ளுப்பிட்டிச் சிக்னலில் நின்றோம். நல்ல வெயில். பக்கத்தில் என் சிவப்புக் கார் வந்து நின்றது. மாக்ரெட் கை காட்டினார்; சாம்பவி சந்தோஷமாக ஹோர்ன் அடித்தாள். நான் பொனட்டையே பார்த்தேன். கொஞ்சம் ஆவி வந்தால் போதும், இறங்கி அதனிடம் ஓடியிருப்பேன். பச்சை விழுந்தது. கார் ஒரு முக்கலும் இல்லாமல் புறப்பட்டுப் போனது.