கவர்னரின் வீட்டுக்காரர்

எங்கள் மாகாணத்துக்குப் பெண் கவர்னர் வருகிறார் என்று கேள்விப்பட்டபோது துணிக்கடைத் தெருவில் யாரும் பெண் என்பதற்காகக் கவலைப்படவில்லை. கவர்னருக்கு மனைவி இருக்காதே என்பதுதான் கவலை.

வழக்கமாகப் புதிய கவர்னர் வந்து இறங்கியதும் வியாபாரிகளின் மனைவிமார் வறுத்த வாத்தும் பஸ்பூசா இனிப்புமாக அவர் மனைவியைப் பார்க்கப் போய் வீட்டுத் திரைச்சீலையைப் புகழ்வார்கள். இரண்டு மூன்று முறை போய்ப் பழகியதும், பேச்சோடு பேச்சாக ஸக்லூல் ஹாஜியாரின் கடைச் சுவரைப் பற்றி ஒரு வார்த்தை விழும். அந்தச் சுவர் தெருவுக்குள் ஒரு கழுதை வண்டி நிற்கும் அளவுக்கு நீண்டிருந்தது. கவர்னர்கள் மாறினார்கள், சுவர் மாறவில்லை.

புதிய கவர்னர் டாக்டர் இப்திஹால் வந்த வேகத்தில் தெருவை நடந்தே பார்த்தார். நீட்டிக் கட்டியதையெல்லாம் இடிக்கச் சொன்னார். சிரமம் உள்ளவர்கள் செவ்வாய்க்கிழமை நேரில் வந்து சொல்லலாம் என்றும் அறிவித்தார்.

ஹாஜியாரின் மனைவி இன்ஷிராஹ் கடைக்கே வந்துவிட்டார். "செவ்வாய்க்கிழமை போய் வரிசையில நில்லுங்க. தவணை கேட்டாக் குடுக்கறாங்களாம். பெருநாள் வியாபாரம் முடியட்டும், நாங்களே இடிச்சுக்கறோம்னு சொல்லுங்க. இப்ப இடிச்சா இத்தனை சரக்கையும் எங்க கொண்டு வைக்கிறது?"

"ஒரு பொம்பளை முன்னாடி நான் கையைக் கட்டிட்டு நிக்கணுமா?"

"வீட்டுல என் முன்னாடி எப்படி நிக்கறீங்களாம்?"

பக்கத்துக் கடைக்காரனான நான் துணி மடிக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஹாஜியார் என்னிடம் வந்தார். "கவர்னர்னா வீட்டுல சொல்றதைக் கேட்டுத்தான் ஆகணும், மஹ்ரூஸ். மனைவி இல்லேன்னா என்ன, புருஷன் இருக்காருல்ல?"

புருஷன் பெயர் சப்ரி. ஓய்வு பெற்ற புவியியல் ஆசிரியர். மீசை வைத்த வியாபாரிகள் நாலு பேர் வாத்தைத் தூக்கிக்கொண்டு போய், அவர் வீட்டுச் சோபாவில் வரிசையாக உட்கார்ந்து திரைச்சீலையைப் புகழ்ந்தோம்.

"இந்தப் பச்சை கண்ணுக்கே குளிர்ச்சியா இருக்கு, உஸ்தாத்," என்றார் ஹாஜியார்.

சப்ரி பேச்சுத் துணைக்கு ஏங்கிப் போயிருந்தார். "அவ இருட்டினப்புறம்தான் வர்றா, ஹாஜி. சமையலெல்லாம் நான்தான். வெண்டைக்காய் வழவழன்னு போயிடுதே, என்ன பண்றது?"

அடுப்படி எந்தப் பக்கம் என்றே தெரியாத ஹாஜியார் வராந்தாவுக்குப் போய் மனைவிக்கு ஃபோன் போட்டுக் கேட்டுவிட்டு வந்து, "எலுமிச்சம்பழம் பிழிங்க," என்றார், பிறந்ததிலிருந்து வெண்டைக்காய் சமைத்தவர்போல.

அடுத்தடுத்த சந்திப்புகளில் வாத்து தீர்ந்து முயல் வந்தது. ஒருநாள் ஹாஜியார் சுவர்ப் பேச்சை எடுத்தார்.

"பழைய கட்டடமா?" என்று பரிவோடு கேட்டார் சப்ரி.

"பழசு எங்க? மூணு கவர்னருக்கு முன்னாலதான் எழுப்பினது. பின்னால இருக்கற சந்துப் பாதையையும் அடைச்சுக் கிடங்காக்கிட்டோம். வெளியில பார்த்தா யாருக்கும் தெரியாது." ஹாஜியாருக்குக் கெட்டிக்காரத்தனத்தை மறைக்கத் தெரியாது. நான் அவர் காலை மிதித்தேன்; அவர் காலை நகர்த்திக்கொண்டார்.

"இன்னிக்கே சொல்றேன்," என்றார் சப்ரி.

சொன்னார். திங்கள்கிழமை காலை வந்த இயந்திரம் முன்சுவரைத் தள்ளியது. பின்சந்துக் கிடங்கின் கதவில் மறுநாள் சாயங்காலம் இடிக்கப்படும் என்று அறிவிப்பும் ஒட்டினார்கள். செவ்வாய்க்கிழமைகளில் போய் நின்றவர்களின் சுவர்களெல்லாம் பெருநாள் வரை தவணையோடு நிமிர்ந்து நின்றன.

ஹாஜியார் மூச்சிரைக்கச் சப்ரி வீட்டுக்கு ஓடினார். நானும் கூடப் போனேன்.

"நீங்க சொன்னதை ஒரு வார்த்தை விடாம சொன்னேன், ஹாஜி," என்றார் சப்ரி, கையில் கரண்டியோடு. "பின்னால சந்து இருக்கறது அவளுக்குத் தெரியவே தெரியாதாம். ரொம்ப சந்தோஷப்பட்டா. வெண்டைக்காயும் நல்லா வந்தது."

திரும்பி வந்தால் இன்ஷிராஹ் துணிக்கட்டுகளின் மேல் விழுந்த காரையைத் தட்டிக்கொண்டிருந்தார். "கிடங்காவது மிஞ்சும். நாளைக்குச் செவ்வாய்க்கிழமை. காலையிலேயே போங்க," என்றார்.

ஹாஜியார் கேட்டும் கேட்காததுபோல் என்னை ஓரமாக அழைத்துப் போனார்.

"மஹ்ரூஸ், கவர்னரம்மாவுக்கு அண்ணன் தம்பி யாராவது இருக்காங்களான்னு விசாரி."

"ஒரு அண்ணன் இருக்காராம், ஹாஜியார். குவைத்துல."

"ஃபோன் நம்பர் வாங்கு."